நானே உண்டாக்கிய வெற்றிடம்

வளர்ந்தவர்களுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று நான் இரண்டு வருஷம் படித்தேன். வளர்ந்தவர்கள் பதினாலு பேர் சேர்ந்து என்னைப் பதவியிலிருந்து கலைத்துவிட எடுத்த நேரம் நாற்பது நிமிஷம். அதிலும் பன்னிரண்டு நிமிஷம் பிரதம விருந்தினர் உரைக்குப் போனது. அந்தப் பிரதம விருந்தினர்தான் எனக்குப் புள்ளி போட வந்தவர். இதை இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அடக்கம் இல்லை, வெட்கம். இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டபடியால் என் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். மற்றவர்கள் சொல்லும்போது என்னைக் கொஞ்சம் கூடுதலாக மோசமாக்குகிறார்கள். (மாமி சொல்லும்போது இன்னும் மோசம்.)

பிரதேச செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, முப்பத்தாறு வயதில், வளர்ந்தோர் கல்வியில் முதுமாணிப் பட்டத்துக்குச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒருத்தி மேற்படிப்புப் படிக்கிறாள் என்றால் மரியாதை கிடைக்கும். "என்ன பாடம்?" என்ற அடுத்த கேள்வியோடு அந்த மரியாதை போய்விடும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, நான் பாடத்தின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டா. "அதுக்கென்ன பிள்ளை, இப்பவாவது படிக்கிறியே. எத்தினையாம் வகுப்பிலை விட்டனீ?" நான் விளக்கம் சொல்ல வெளிக்கிட்டேன். அதற்குள் மானிப்பாய் வந்துவிட்டது. நான் இறங்கும்போது, "கணக்குத்தான் கொஞ்சம் கஷ்டம், மற்றதெல்லாம் பாஸ் பண்ணலாம்" என்று தைரியம் சொல்லி அனுப்பினா.

இரண்டாம் வருஷத்தில் ஒவ்வொருவரும் ஒரு சிறப்புத் துறை எடுக்க வேண்டும். எழுத்தறிவுக் கல்வி, தொழிலிடப் பயிற்சி, தொலைக் கல்வி, சுகாதாரக் கல்வி, சமுதாயக் கல்வி என்று ஐந்து இருந்தன. வங்கியில் வேலை செய்தவன் தொழிலிடப் பயிற்சி எடுத்தான். தாதி ஒருத்தி சுகாதாரக் கல்வி எடுத்தாள். நான் சமுதாயக் கல்வி எடுத்தேன். ஏன் என்று நேர்முகத்தில் கேட்டபோது மக்கள், மேம்பாடு, பங்கேற்பு என்று என்னென்னவோ அளந்தேன். உண்மை என்னவென்றால், ஐந்திலும் அந்தத் துறைக்குரிய புத்தகம்தான் மெல்லிசு.

மெல்லிய புத்தகத்துக்குப் பின்னால் செயன்முறைப் பயிற்சி என்று ஒன்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. குறைந்தது பன்னிரண்டு வளர்ந்தவர்களைச் சேர்த்து ஆறு வகுப்பு நடத்த வேண்டும். சேர்ந்தவர்கள் இடையில் கழலக்கூடாது. மூன்றாவது வகுப்புக்கு மேற்பார்வையாளர் வந்து, மூலையில் இருந்து பார்த்துப் புள்ளி போடுவார். அதில் தவறினால் பட்டம் இல்லை. அடுத்த பிரிவு தொடங்க இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் இன்னொரு தடவை கல்வி விடுமுறை தரமாட்டார்கள் என்பது நிச்சயம். அதாவது, இந்த ஆறு வகுப்பும் பிழைத்தால் என் படிப்பும் பிழைத்தது.

எடுத்த பாடம், ஸ்மார்ட் போன் பாவிப்பது. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் நல்ல நல்ல போன்கள் இருக்கின்றன. எல்லாம் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தவை. பச்சையை அமத்தினால் பிள்ளை தெரிவான், சிவப்பை அமத்தினால் மறைவான் என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. மானிப்பாயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு என்று சொல்லிப் பதின்மூன்று பேரைப் பிடித்துவிட்டேன். யாராவது கழன்றாலும் என்று பதினாலாவது ஆளாக மாமியையும் இழுத்துக்கொண்டு போனேன். மாமி என்றால் என் கணவரின் அம்மா. சபையில் வாய் திறக்காத மனுசி. கோயிலில் ஐயரிடம் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லவும் என்னைத்தான் முன்னால் தள்ளுவா.

மற்றவர்களில் முக்காற்பங்கு ஓய்வுபெற்றவர்கள். ஓய்வுபெற்றவர்கள் என்றால் ஓய்வாக இருப்பவர்கள் என்று நினைக்கக்கூடாது. நடராசா மாஸ்ரர் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது மூன்று சங்கங்களுக்குத் தலைவர். கிறேஸ் ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ. மானிப்பாயில் அவ கூட்டக் குறிப்பு எழுதாத சங்கம் இருந்தால் அது இன்னும் தொடங்கப்படாத சங்கமாகத்தான் இருக்கும். ஓய்வுபெற முடியாதவர் என்று ராசன் அண்ணை ஒருவர் வந்தார். வெங்காயம் பயிர்செய்து மருதனார்மடம் சந்தையில் விற்பவர்.

முதல் இரண்டு வகுப்பும் வடிவாகப் போனது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னேன், அவர்கள் கொப்பியில் எழுதினார்கள். யாராவது போனில் எதையாவது தேடித் தடவிக்கொண்டிருந்தால், "தாங்கோ ஐயா" என்று வாங்கி, இரண்டு தட்டில் செய்து திருப்பிக் கொடுத்தேன். "விளங்கிச்சோ?" என்றால் எல்லோரும் "ஓம் பிள்ளை" என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தும் அந்த "ஓம்" எத்தனை வகைப்படும் என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது வகுப்புக்கு முதல்நாள் அந்த மெல்லிய புத்தகத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். வளர்ந்தவர்களுக்குப் படிப்பிக்கக்கூடாதாம். என்ன படிப்பது, எப்படிப் படிப்பது என்பதை அவர்களே தீர்மானிக்க விடவேண்டுமாம். ஆசிரியர் தன் அதிகாரத்தைக் கீழே வைக்க வேண்டுமாம். கதிரைகளை வட்டமாகப் போட வேண்டுமாம். கேள்வி கேட்டபின் மௌனம் வந்தால் அதைக் கலைக்கக்கூடாதாம். மேற்பார்வையாளர் வருகிற நாளில் இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்து காட்டி அசத்துவது என்று முடிவெடுத்தேன். (அசத்தினேன்தான்.)

சனிக்கிழமை வேளைக்கே போய்ப் பதினாறு கதிரைகளை வட்டமாகப் போட்டேன். வட்டத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதற்குப் பின் வரிசை இல்லை. எங்கள் ஊரில் மண்டபம் பின்னாலிருந்துதான் நிரம்பும். முன் வரிசை விருந்தினருக்கு. வட்டத்தில் எல்லாமே முன் வரிசை. வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"உதென்ன பிள்ளை, செத்தவீட்டிலை இருத்திற மாதிரி?" என்றார் ராசன் அண்ணை. பிறகு ஒரு கதிரையைச் சுவரோடு இழுத்துப் போட்டு இருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இழுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் என் வட்டம் நாலு சுவரையும் தொட்டுச் சதுரமாகிவிட்டது.

மேற்பார்வையாளர் தயாபரன் சேர் அரியாலையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். மூலையில் இருந்து, புள்ளித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, "நான் இருக்கிறதை மறந்திடுங்கோ" என்றார். வெள்ளைச் சேர்ட் போட்ட ஒரு பல்கலைக்கழகக் கலாநிதியை மறக்கச் சொன்னால் எங்கள் சனம் மறக்குமா?

நான் எழும்பினேன். "இண்டைக்கு நான் ரீச்சர் இல்லை. நானும் உங்களிலை ஒராள். என்ன படிக்கிறது, எப்பிடிப் படிக்கிறது எண்டதை நீங்களே முடிவெடுங்கோ" என்று சொல்லிவிட்டு இருந்தேன். மௌனம் வந்தது. நான் அதைக் கலைக்கவில்லை. எனக்குள் ஒரே பெருமை.

நடராசா மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "முடிவெடுக்கலாம். ஆனால் தலைமை இல்லாமல் எப்பிடி முடிவெடுக்கிறது?"

"ஞாயமான கேள்வி" என்றார் யாரோ. இரண்டு நிமிஷத்தில் மாஸ்ரர் தற்காலிகத் தலைவர். கிறேஸ் ரீச்சரைச் செயலாளராகத் தெரிவுசெய்தபோது அவ ஏற்கெனவே கொப்பியில் ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தா.

"மங்கள விளக்கு ஏத்தாமல் தொடங்கேலாது" என்றார் தலைவர். பழைய பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து விளக்கு வந்தது. எண்ணெய் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. ஏற்றுவதற்குப் பிரதம விருந்தினர் வேண்டுமே என்று எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

"இல்லை இல்லை, நான் வெறும் பார்வையாளர்" என்றார் தயாபரன் சேர்.

"அப்பிடிச் சொல்லப்படாது சேர். வந்த மனுசரை மூலையிலை இருத்தினால் ஊர் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

சேர் என்னைப் பார்த்தார். நான் அதிகாரத்தைக் கீழே வைத்தவள், என்னால் என்ன செய்ய முடியும்? விளக்கை ஏற்றினார். கிறேஸ் ரீச்சர் எல்லாச் சமயத்துக்கும் பொதுவாக ஒரு நிமிஷ மௌனப் பிரார்த்தனை என்றா. பிறகு அவரை உரையாற்ற அழைத்தார்கள். முதலில் மறுத்தார், பிறகு இரண்டு வார்த்தை என்றார், பன்னிரண்டு நிமிஷம் பேசினார். அவரும் எங்கள் ஊர்ப் பிறவிதானே. புள்ளித்தாள் நாலாக மடிந்து சேர்ட் பொக்கற்றுக்குள் இருந்தது.

அமைப்புக்கு என்ன பெயர் என்பதில் சங்கமா மன்றமா என்று கொஞ்சம் இழுபட்டு, கடைசியில் கழகம் என்று முடிந்தது. நான் இடையில் இரண்டு தரம் வாய் திறந்தேன். "தலைவரூடாகக் கதையும் பிள்ளை" என்றார் மாஸ்ரர். பிறகு கிறேஸ் ரீச்சர் அடுத்த விடயத்தை வாசித்தா. "ஆசிரியை."

"நான் இருக்கிறன்தானே" என்றேன், தலைவரூடாக.

"நீர் சபைக்கு முன்னாலை, இண்டைக்கு நான் ரீச்சர் இல்லையெண்டு சொன்னனீர். கிறேஸ் ரீச்சர், குறிப்பிலை இருக்கோ?"

"இருக்குது. மூண்டு முப்பத்தெட்டுக்கு."

"அப்ப அந்தப் பதவி வெற்றிடம். வெற்றிடத்தை வைச்சுக்கொண்டு கழகம் நடத்தேலாது. பெயர்களைப் பிரேரியுங்கோ."

மூலையைப் பார்த்தேன். புள்ளித்தாள் பொக்கற்றிலிருந்து வெளியே வந்திருந்தது. பேனை ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளையையே திருப்பிப் போடுவம், அதுக்கேன் இவ்வளவு கதை" என்றார் ராசன் அண்ணை. அந்த நேரத்தில் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"ராசன் முன்மொழியிறார். வழிமொழிய ஆர்?"

இரண்டு கிழமையாகப் போனைப் பார்க்கப் பயந்த சனம் அப்போது தலையைக் குனிந்து போனையே பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக மாமியின் பக்கம் திரும்பினார்கள். வீட்டு ஆள் வழிமொழிவது முறைதானே. மாமி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு எழும்பினா. சபையில் மாமி எழும்பி நான் கண்டது அன்றுதான் முதல் தடவை.

"நான் வழிமொழியேல்லை."

"ஏன் எண்டு சபைக்குச் சொல்லலாமோ?"

"பிள்ளை கெட்டிக்காரி. அதிலை பிழையில்லை" என்றா மாமி. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "நாங்கள் தேடிக்கொண்டிருக்கேக்கை போனைப் பறிச்சுத் தானே அமத்திப்போட்டுத் தாறா. வீட்டை போய்த் தனிய இருக்கேக்கை ஆர் வந்து அமத்திறது?"

"என்ரையையும் ரெண்டு தரம் பறிச்சவ" என்றார் தலைவர்.

"போன கிழமை என்னை வட்ஸ்அப் பிரார்த்தனைக் குழுவிலையிருந்து வெளியாலை எடுத்து விட்டிட்டா" என்றா கிறேஸ் ரீச்சர், எழுதுவதை நிறுத்தாமலே. "வெளிநாட்டிலை இருக்கிற சகோதரம் எல்லாம் எனக்கென்னவோ நடந்திட்டுது எண்டு பதறி அடிச்சுப் போன் எடுத்ததுகள்."

"ஓம், பறிக்கிறவதான்" என்று ராசன் அண்ணையும் ஒத்துக்கொண்டு, முன்மொழிவைத் திரும்பப் பெற்றார்.

"நீங்கள் ஒருத்தரும் எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லையே" என்றேன். தலைவர் வழியாகச் சொல்ல மறந்துபோனேன்.

"நீ கேக்கேல்லையே பிள்ளை" என்றா மாமி. "இண்டைக்குத்தானே கேட்டனீ."

மற்றவர்கள் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். மாமி சொன்னது சரியாக இருந்ததுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

ஆசிரியையாகத் திருமதி பரமேஸ்வரியின் பெயரைப் பிரேரித்தவ கிறேஸ் ரீச்சர். திருமதி பரமேஸ்வரி என்றால் மாமி. முதல்நாள் வெள்ளிக்கிழமை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, போனைத் தொடாமல் வாயால் வழி சொல்லியே, ரீச்சரை அந்தக் குழுவில் திரும்பச் சேர்த்துவிட்டது மாமிதானாம். கொப்பியில் எழுதியதை ஒவ்வொரு நாளும் குசினியில் இருந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறா. எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரமெல்லாம் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

மாமி அன்று எடுத்த பாடம், மருந்துச் சீட்டைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்புவது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய், "தேடுங்கோ, அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டு நின்றா. ராசன் அண்ணைக்குப் பதினொரு நிமிஷம் எடுத்தது. அனுப்பிய படத்தில் பாதி மருந்துச் சீட்டு, மீதி அவருடைய கால் பெருவிரல். ஆனாலும் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் சுவரோடு நின்றேன். மாமி திரும்பிப் பார்த்து, "பிள்ளை, சும்மாதானே நிக்கிறாய், தேத்தண்ணிக்குத் தண்ணி வையன்" என்றா. வைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, முதல் கோப்பையைப் பிரதம விருந்தினருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்ல தேத்தண்ணி" என்றார். எனக்கு அன்று கிடைத்த ஒரே பாராட்டு அது.

ஸ்கூட்டரடியில் போய் நின்று, "சேர், என்ரை புள்ளி..." என்று இழுத்தேன்.

தயாபரன் சேர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உம்மடை துறையின்ரை கொள்கைப்படி பார்த்தால் இது நூற்றுக்கு நூறு. அவையளாய் முடிவெடுத்தவை, அவையளாய்ப் படிச்சவை. இருபது வருஷத்திலை நான் இப்பிடி ஒண்டு பாக்கேல்லை. ஆனால் புள்ளியை ஆருக்குப் போடுறது? மாமி எங்களிட்டைப் பதியேல்லையே."

"அப்ப நான் பெயிலோ சேர்?"

"ஆறாவது வகுப்புக்குத் திரும்ப வாறன். அதுக்கிடையிலை அவையள் உம்மை எடுத்து, நீர் படிப்பிக்கிறதை நான் பாக்க வேணும். இல்லாட்டி என்னாலை ஒண்டும் செய்யேலாது."

எடுப்பதென்றால் சும்மா எடுப்பார்களா? கழகம் எழுத்தில் விண்ணப்பம் கேட்டது. பதினாலு பேரில் ஒருவர் என் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்து புட்டு சாப்பிடுகிறா, நான் "ஊடாக: செயலாளர்" என்று போட்டு விண்ணப்பம் எழுதுகிறேன். தகைமைகள் என்ற இடத்தில், முதுமாணி (இன்னும் முடியவில்லை) என்று எழுதினேன். அது முடிவதும் முடியாததும் அந்த விண்ணப்பத்தில்தான் இருக்கிறது என்பதை எழுதவில்லை. நாலாவது வகுப்பில் அதைப் பரிசீலித்து, என்னை உதவி ஆசிரியையாக, தகுதிகாண் அடிப்படையில், ஒரு நிபந்தனையோடு நியமித்தார்கள். கற்போரின் போனைத் தொடக்கூடாது.

எவ்வளவு கஷ்டமான நிபந்தனை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆறாவது வகுப்பில் தயாபரன் சேர் மூலையில் இருக்கிறார் (இந்தமுறை யாரும் விளக்கேற்றக் கூப்பிடவில்லை, மனுசர் கொஞ்சம் ஏமாந்ததுபோல இருந்தது). நடராசா மாஸ்ரர் வைத்தியரைப் பார்க்கப் போனில் வரிசை இலக்கம் எடுக்க முயல்கிறார். அமத்த வேண்டிய இடம் கண் முன்னால், நீல நிறத்தில், பெரிதாக இருக்கிறது. அவர் விரல் அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, அதைத் தொடவில்லை. என் கை தன்பாட்டில் எழும்பியது. பிடித்து மற்றக் கைக்குள் வைத்துக்கொண்டேன். ஒன்பது நிமிஷம். அமத்தினார். "கிடைச்சிட்டுது" என்று அவர் நிமிர்ந்தபோது, இவர்தான் என்னைக் கலைத்த தலைவர் என்பதை மறந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிடைத்தது சாதாரண சித்தி, அதாவது வெறும் பாஸ். குறிப்பு என்ற கட்டத்தில் தயாபரன் சேர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "முன்னேற்றம் தெரிகிறது. தேநீர் தரப்படவில்லை."

கழகம் இன்னும் நடக்கிறது. மாமி இப்போது நாலாவது பிரிவுக்குப் படிப்பிக்கிறா, நான் இன்னும் தகுதிகாண் நிலையில்தான் இருக்கிறேன். வீட்டிலும் நிலைமை அதுதான். திரைச்சீலை மாற்றுவம் என்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவம் என்றாலும் சரி, நான் வாய் திறந்தால் மகள் அபி உடனே, "வழிமொழிய ஆர்?" என்பாள். என் கணவர் சிரித்துக்கொண்டு தாயைப் பார்ப்பார். மாமி காது கேட்காதது மாதிரி இருப்பா.

போன ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில், கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னேன். என் கணவர் கையில் நண்டுக் காலோடு அப்படியே இருந்தார். அபி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். மாமி சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு இடது கையை உயர்த்தினா.

"நான் வழிமொழியிறன். ஒரு திருத்தத்தோடை."

"என்ன திருத்தம்?" என்றேன்.

"சிறப்புத் துறை எடுக்கேக்கை, படிப்பிக்கத் தேவையில்லாத துறையாய்ப் பாத்து எடுக்கட்டும்."

திருத்தத்துக்கு என் கணவர் கையை உயர்த்தினார். அபி இரண்டு கையையும் உயர்த்தினாள். கடைசியாக நான் என் கையையும் உயர்த்தினேன். ஏகமனதாக நிறைவேறியது.